பேனரில் சிரித்த மாமன்

அன்றைக்குக் காலை மணவாள நகரில் எங்கள் தெரு முனையில் ஒரு புது பேனர் கட்டியிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கே உரிய பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. நான் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தேவி, மகள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

நடுவில் குழந்தையின் படம், தலையில் கிரீடம். தங்க எழுத்தில் 'காதணி விழா'. ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையம் அம்மன் கோயில். கீழே ஒரு வட்டத்துக்குள், குழந்தையைவிடப் பெரிதாக, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே 'தாய்மாமன்: முருகேசன், கும்மிடிப்பூண்டி' என்று கொட்டை எழுத்து.

தூரத்திலிருந்தே அது நான் எடுத்த படம் என்று தெரிந்துவிட்டது. பெருமை இருக்காதா? "எப்பிடி தேவி, படம் நல்லா வந்திருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே போய் நின்றேன்.

"படம் நல்லாத்தான் கீதுக்கா," என்றாள் தேவி. "ஆனா இது எங்கண்ணன் இல்லியே. யாருக்கா இந்த ஆளு?"

நிமிர்ந்து இன்னொரு தடவை பார்த்தேன். அது முருகேசன் இல்லை. எங்கள் கம்பெனி வாசலில் மொபெட்டில் கேன் வைத்து டீ விற்கும் சீனய்யா.

எந்த டிவியில வரும்?

பேனரை அப்படியே விட்டுவிட்டு, என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டீக்காரர் பேனரில் ஏறிய விதம் விளங்காது.

கேமரா என் கைக்கு வந்ததை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் என் தம்பி புதுசு வாங்கினான், பழசை என் தலையில் கட்டினான். எனக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. போக வர கம்பெனி பஸ். மிச்சமிருக்கிற நேரத்தில் தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுப்பேன், அவர்களுக்குத் தெரியாமல்.

தெரியாமல் எடுப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? திருவள்ளூர் தேரடியில் ஒரு பூக்கார அம்மா, கட்டிய பூவை முழம் போட்டபடியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அப்படியொரு அழகான கொட்டாவி. கேமராவைத் தூக்கினேன், பார்த்துவிட்டார். "இரும்மா, இரு இரு!" முந்தானையைச் சரிசெய்துகொண்டார். விற்கிற மல்லியிலேயே ஒரு முழம் கிள்ளித் தலையில் வைத்தார். பக்கத்துத் தேங்காய்க் கடை மருமகளையும் இழுத்து உட்காரவைத்தார். பிறகு இருவரும் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்ததுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

"எந்த டிவியில வரும்?" என்றார் பூக்கார அம்மா.

"டிவியில வராதும்மா. எனக்குத்தான்."

"உனக்கா? நீ வெச்சிகினு இன்னா பண்ணுவே?"



வேப்பம்பட்டில் நடந்தது இதைவிட மோசம். ஸ்டேஷன் பக்கம், புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு பெரியவர் எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சுவரோரமாக நின்று நாலைந்து படம் எடுத்தேன். பெரியவர் எருமையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். வெளியே வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "மேடம், எங்க ஊடு ரோட்டுக்குள்ள வராது மேடம். பட்டா கீது, வில்லங்க சர்ட்டிபிகேட் கீது, எல்லாம் பாத்துக்கோங்க!" ரோடு அகலப்படுத்த அளவெடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. எருமை நுரையோடு நின்றது.

இப்படி அடிபட்டுத்தான் தொழிலைக் கற்றேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. வயிற்றோடு வைத்துக்கொண்டு, பஸ் போர்டைப் படிப்பதுபோல் முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்தபடி அழுத்த வேண்டும். "பிக்பாக்கெட்காரி மாரியே நிக்கறடி நீ," என்பார் எங்கள் வீட்டுக்காரர். பொய்யில்லை. யாராவது பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவேன். ஆனால் பார்க்காதவர்களிடம் நானாகப் போய்க் கேட்டதே இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் சீனய்யா மாட்டினார்.

இரண்டு சிவப்புச் சட்டை

பேனருக்குத் தாய்மாமன் படம் வேண்டும் என்று தேவி கேட்டபோது, அவளிடம் இருந்தது ஒரேயொரு ஸ்டுடியோ படம். முருகேசன் அதில் கழுத்துவரை பொத்தான் போட்டு, யாரோ மிரட்டி உட்காரவைத்ததுபோல் இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இத போடாதே தேவி. உங்கண்ணன அவருக்கே தெரியாம நான் எடுத்து வெச்சிருக்கேன். உயிரோட இருக்கும் படம்," என்று அளந்துவிட்டேன்.

முருகேசனும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை. எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒருநாள் ரோட்டோரக் கடையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைச் சிவப்புச் சட்டையோடு எடுத்திருந்தேன். அதே வாரம் எங்கள் கேட்டில் டீ ஊற்றியபடி சிரித்த சீனய்யாவையும் எடுத்தேன். அவரும் சிவப்புச் சட்டை. இரண்டும் ஒரே ஃபோல்டரில் கிடந்தன.

பிரிண்ட் போட வேண்டிய படங்களையெல்லாம் பென்டிரைவில் போட்டு, எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் பிரகாஷிடம் மொத்தமாகக் கொடுத்து வைப்பது என் வழக்கம். அன்றைக்கு பஸ்ஸிலிருந்து போன் பண்ணினேன். "கும்மிடிப்பூண்டி ஃபோல்டர்ல செவப்புச் சட்டை போட்டுகினு ஒருத்தர் இருப்பாரு பாரு, அவருதான் மாமன்." பிரகாஷ் டிசைனை அனுப்பினான். அதில் மாமனின் வட்டம் காலியாக இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கி அனுப்பினேன்.

பேனருக்குக் கீழே பிரகாஷைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏன்டா இப்பிடிப் பண்ணே?" என்று கேட்டபோது அவன் அசரவே இல்லை.

"செவப்புச் சட்டை ரெண்டு பேரு இருந்தாங்கக்கா. ஒருத்தரு வாயில போண்டாவ அடைச்சிகினு, கண்ணு பாதி மூடிகினு இருந்தாரு. இன்னொருத்தரு சிரிச்ச மொகமா இருந்தாரு. காதுகுத்துக்கு யாரு படத்தப் போடுவாங்க? நீயே சொல்லு."

நியாயமான கேள்வி. போண்டாவைத்தான் நான் உயிர் என்று சொல்லியிருந்தேன்.

மாமன் நானா, அவனா?

பேனரை அவிழ்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தோம். ஆனால் தேவியின் கணவர் சங்கர் முந்திக்கொண்டார். விடிந்ததும் விடியாததுமாக அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, சொந்தக்காரர்கள் குரூப்பிலும் தட்டிவிட்டிருந்தார். "மொகம் வேறயா இருக்குன்னு தெரியலியாப்பா உனக்கு?" என்று கத்தினேன்.

"மச்சான் இளைச்சிட்டாரேன்னு நெனச்சேன்க்கா," என்றார் மனுஷன்.

அதில் ஒரு சோகமும் இருந்தது. சங்கர் தன் மச்சானைப் பார்த்தே மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. இவர்கள் வீடு குடி வந்தபோது அடித்த பத்திரிகையில் முருகேசன் பெயர் விட்டுப்போயிற்று. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. யாழினி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்து தங்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் காதுகுத்தில்தான் மனக்கசப்பு தீரும் என்று தேவி மாதக்கணக்காகக் காத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குழந்தைக்குக் காது குத்துவது? அதற்காகவாவது அவர் வந்தே ஆக வேண்டும். வருகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

நாங்கள் பேனரை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போன் வந்தது. தேவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமன் நானா, அவனா?"

"அண்ணா, தெரியாம அடிச்சிட்டாங்கண்ணா..."

"அன்னிக்கிப் பத்திரிகையில எம்பேர உட்டீங்க. பிரஸ்காரன் தப்புன்னீங்க. சரின்னு கேட்டுகினேன். இப்போ பேர போட்டுட்டு மூஞ்சிய மாத்திட்டீங்க. இதுவும் பிரஸ்காரன் தப்பா? நான் வோணாம்னா நேராவே சொல்லிடு தேவி. நான் வர்ல. எம்படத்த இனிமே எங்கியும் போடவும் கூடாது. அவ்ளோதான்."

போன் கட்டாயிற்று. தேவி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "எனக்குன்னு இருக்கறது அண்ணன் ஒருத்தருதான்க்கா," என்றாள். "அதுவும் போச்சுன்னா எனக்குப் பொறந்த ஊடே கெடையாது." அவளுக்கு அம்மா அப்பா இல்லை. எனக்கு என் கேமராவைத் தூக்கிக் கூவத்தில் போடலாம் போல் ஆத்திரம் வந்தது, என் வாயையும் சேர்த்து.

கேட்டு வாசலில் பஞ்சாயத்து

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் முருகேசனின் கம்பெனி கேட்டுக்குப் போனேன். போன இடத்தில் மொபெட்டும் கேனுமாக சீனய்யா நின்றிருந்தார். சுற்றிலும் கூட்டம். "மாமா, ஒரு டீ!" "மாமா, மருமவளுக்கு இன்னா செய்யப் போறே?" தொழிற்பேட்டை முழுக்க அந்த ஸ்டேட்டஸ் போயிருந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சீனய்யா ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். கேமராவில் படத்தைக் காட்டச் சொல்லி வாங்கி, வெகுநேரம் பார்த்தார்.

"எப்பம்மா எடுத்தே? நான் பாக்கவே இல்லியே."

"நீங்க பாக்காதப்பதான்ணா எடுத்தேன். கேக்காம எடுத்தது தப்புதான்."

"அத சொல்லல. சொல்லியிருந்தா வேற சட்ட போட்டுகினு வந்திருப்பேன்."

மாற்றியிருந்தால் இந்த வம்பே இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சிரிப்பில் ஒரு பல் இல்லாதது தெரிகிறதே என்று அவர் வருத்தப்பட்டார். அப்புறம் மெதுவாக, "கொழந்த பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்குக் கூடப்பொறந்தவ கெடையாது. மாமான்னு இப்பதான் நாலு பேரு கூப்டறாங்க, அதுவும் கிண்டலுக்கு," என்று சிரித்தார். மரியாதைக்காக, நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

முருகேசன் வெளியே வந்தார். என்னையும் அவரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"தம்பி, தப்பு முழுக்க என்னுதுதான்," என்று ஆரம்பித்தேன். "தேவிக்கு ஒண்ணும் தெரியாது. நான் உங்க படத்தத்தான் போடச் சொன்னேன்."

"எம்படம் உன்கிட்ட ஏதுக்கா?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் பேச்சை மாற்றியிருப்பாள். நான் கேமராவை நீட்டினேன். முருகேசன் பார்த்தார். ஒரு கன்னம் உப்பி, கண் சொருகி, உதட்டில் சட்னியோடு தன்னைத் தானே பார்த்தார்.

"இதயா? இத பேனர்ல போடப் பாத்தியா நீ?"

"இயற்கையா இருக்குதேன்னு..."

"இன்னா இயற்கை? அந்தாளு மூஞ்சியப் போட்டதே தேவலக்கா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டு மாசம் ஓ.டி. பாத்து கம்மல் வாங்கி வெச்சிருக்கேன்க்கா. மருமவளுக்கு எங்கையாலதான் போடணும்னு. இனிமே அங்க போனா சங்கர் ஊட்டுக்காரங்க கூட்டத்துல நான் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பேஜாரு புடிச்ச பொழப்பு. வேணாம்க்கா, உட்டுடு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியபாளையத்தில்

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கால் வைக்க இடமில்லை. வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறவர்கள் ஒரு பக்கம், மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலைகள் ஒரு பக்கம். வேறொரு நாளாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். அன்றைக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினிக்கு மொட்டை அடித்தாயிற்று. காது குத்தும் பத்தர் பாய் விரித்து உட்கார்ந்து, நேரமாகிறது என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். "சித்தப்பன் மடியில உக்கார வெச்சிக் குத்திடலாமே. வர்றவங்க இந்நேரம் வந்திருக்க மாட்டாங்களா?" என்றார் தேவியின் மாமியார். பொல்லாதவர் இல்லை, வெயிலில் நின்று அலுத்துவிட்டவர். தேவி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த மொபெட் வந்தது.

சீனய்யா ஓட்டிக்கொண்டு வந்தார், வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பின்னால், மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் மேலிருக்கிற கோபம் மொத்தமும் முகத்தில் தெரிய, முருகேசன். தட்டில் வாழைப்பழம், பூ, ஒரு கவுன், கண்ணாடி வளையல். கும்மிடிப்பூண்டியிலிருந்து அத்தனை தூரமும் அப்படியே வந்திருக்கிறார்கள். கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று. "யக்கா, கீழ வையி அத!" என்று முருகேசன் வண்டியிலிருந்தே கத்தினார். வைத்துவிட்டேன்.

சீனய்யா என்னிடம் குசுகுசுவென்று சொன்னார்: "காலையில நேரா அவரு ஊட்டுக்கே போய்ட்டேம்மா. நான் சீர் எடுத்துகினு போறேன் நைனா, நீ வர்றியா, இல்ல உன் எடத்துல நான் உக்காரட்டுமான்னு கேட்டேன். மொறைச்சாரு பாரு ஒரு மொற! தட்டப் புடுங்கிகினு வண்டியில ஏறிட்டாரு."

பத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பாடா. தாய்மாமன் யாருங்க? வந்து உக்காருங்க."

சங்கர் வீட்டார் பெருங்கூட்டம். முருகேசன் முகம் அவர்கள் யாருக்கும் நினைவில்லை. பேனரை மட்டும் எல்லாரும் போனில் பார்த்திருந்தார்கள். அத்தனை கையும் சீனய்யாவைக் காட்டியது. "இதோ, இவருதான்! வாங்க, வந்து உக்காருங்க!" ஒருவர் அவர் தோளைப் பிடித்துப் பாயில் அழுத்தவே பார்த்தார்.

"ஐயோ, நான் இல்ல நைனா! நான் இல்ல!" என்று சீனய்யா திமிறினார்.

முருகேசன் தட்டைக் கீழே வைத்தார். சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன்.

தேவி மாமியாரைத் தாண்டி, சங்கரைத் தள்ளிவிட்டு, அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அண்ணன் எதிரில் போய் நின்று குழந்தையை அவர் கையில் திணித்தாள். பிறகு திரும்பி நின்றாள். வாய் திறந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத பெண், கோயில் மேளத்தை மீறிக் கத்தினாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க! இதுதான் எங்கண்ணன் முருகேசன். எங்கம்மா அப்பா போனப்பறம் ஒத்த ஆளா நின்னு என்னைக் கட்டிக் குடுத்தது இவருதான். இவரு மடியில உக்காந்தா எம்பொண்ணுக்குக் காது குத்துவேன். இல்லன்னா வாணாம், அப்பிடியே இருக்கட்டும்!"

சங்கர்தான் முதலில் அசைந்தார். போய் மச்சான் கையைப் பிடித்து அழைத்து வந்து பாயில் உட்காரவைத்தார். யாழினி, யாரிந்தப் புது ஆள் என்பதுபோல் அண்ணாந்து மாமன் முகத்தைப் பார்த்தாள்.

"கம்மலக் குடுங்க," என்றார் பத்தர்.

முருகேசன் பைக்குள் கையை விட்டார். மடியில் குழந்தை இருந்ததில் பொட்டலம் வெளியே வரவில்லை. சீனய்யா குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன் குழந்தையின் மொட்டைத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். உடம்பே குலுங்கியது. தேவியின் மாமியாரும் இன்னும் நாலு பெண்களும் சூழ்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கற மாரிதான்," என்று அவர் முதுகைத் தடவினார்கள். குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பத்தர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கொழந்த இருக்கட்டும், மொதல்ல மாமன யாராச்சும் புடிச்சிக்கோங்க," என்றார். "நான் இன்னும் ஊசியே எடுக்கல."